நிறத்துக்கு எத்தனை பவுன்?

(வட்டாரக் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘ஊடகங்களில் பெண்கள் போகப் பொருளாகச் சித்தரிக்கப்படுதல்’. தலைப்பைச் சொன்னதுமே பின் வரிசையில் ஒரு அக்கா, ‘இதெல்லாம் டவுனு சமாச்சாரம், நமக்கு எதுக்கு?’ என்று கேட்டது இங்கே மேடை வரைக்கும் கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். சினிமாவில் யாரோ ஒரு நடிகை ஆடினால், களை எடுக்கப் போகிற நமக்கு என்ன நஷ்டம்?

அதனால் நாங்கள் நடிகையின் உடையைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு பொண்ணு சுடிதார் போட்டாலும் ஊர் பேசுது, நைட்டியோட கடைக்குப் போனாலும் ஊர் பேசுது. அந்தப் பேச்சில் நாமும் சேர்ந்துக்க வேண்டாம். இன்றைக்கு ஒரே ஒரு முகக் கிரீமைப் பற்றிப் பேசலாம். அது நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருக்கு. நம்ம குழுக் கணக்கு நோட்டிலும் இருக்கு. அது எப்படி என்று போகப் போகத் தெரியும்.

முதலில் போகப் பொருள் என்றால் என்ன? மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாட்டிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மனுஷியை அந்த இடத்தில் நிறுத்துவதுதான் போகப் பொருளாக்குவது. அவள் என்ன படித்தாள், என்ன யோசிக்கிறாள், அவளுக்கு இது பிடித்திருக்கிறதா என்ற பேச்சே இருக்காது. பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படி இருக்கிறாள் என்பது மட்டும்தான் கணக்கு. அதற்கு அரைகுறை உடை அவசியமே இல்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, காபித் தட்டைக் கையில் கொடுத்தும் நிறுத்தலாம்.

இப்போது கிரீமுக்கு வருவோம். 1975-ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற கிரீமை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஃபேர் என்றால் சிவந்த நிறம், லவ்லி என்றால் அழகு. இரண்டையும் சேர்த்துப் பெயரிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். விளம்பரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் பெண் கறுப்பாக இருப்பாள், முகம் வாடி இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிரீம் பூசுவாள். சின்னச் சின்னதாக அவள் முகத்தையே வரிசையாகக் காட்டுவார்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கிட்டே வரும். கடைசியில் மாப்பிள்ளை கிடைப்பான், இல்லாவிட்டால் வேலை கிடைக்கும்.

அதில் ஒரு விளம்பரம் ரொம்பப் பிரபலம். ஒரு ஏழை அப்பா, ‘எனக்கு ஒரு மகன் இருந்திருக்கக் கூடாதா’ என்று அங்கலாய்ப்பார். மகள் காதில் அது விழும். அவள் போய்ப் படித்தாளா, பரீட்சை எழுதினாளா என்றால் இல்லை. கிரீம் பூசினாள், சிவப்பானாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைத்தது, அப்பா சந்தோஷப்பட்டார். ஒரு நிமிஷம்கூட ஓடாத படத்தில் எத்தனை அடி பாருங்கள். பெண் குழந்தை பாரம் என்று ஒரு அடி, கறுப்பு கேவலம் என்று ஒரு அடி, பெண்ணுக்குத் திறமையை விட முகம்தான் தகுதி என்று ஒரு அடி.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்துப் பெண்கள் நிறுவனத்துக்கு எழுதினார்கள். பலன் இல்லை என்றதும் 2002-இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். அது மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் போனது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் என்று 1995-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெண்களை அடங்கிப் போகிறவர்களாக, குடும்பத்திலும் சமுதாயத்திலும் இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியவர்களாகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று அதன் விதி சொல்கிறது. அந்த விதியைக் காட்டித்தான் கேட்டார்கள். 2003-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. எழுதிக் கேட்டவர்கள் பெரிய வக்கீல்கள் மட்டும் இல்லை. நம்மை மாதிரி மாதாமாதம் கூடி, தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போடுகிற பெண்கள்.

ஆனால் விளம்பரம் நின்றது, வியாபாரம் நிற்கவில்லை. அதே 2003-இல் பெண்களின் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்க அந்தக் கிரீமின் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். படிக்க உதவுவது நல்ல காரியம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. கன்னத்தில் அறைந்த கை மிட்டாயும் கொடுக்குது, அவ்வளவுதான். 2005-இல் வேறொரு நிறுவனம் ஆண்களுக்கும் தனியாகச் சிவப்பழகு கிரீம் கொண்டு வந்தது. 2014-இல் விளம்பரத் துறையினரே சேர்ந்து நடத்தும் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், கறுத்த நிறம் உள்ளவர்களைத் தாழ்வாகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்று விதிமுறை வகுத்தது. கடைசியில் 2020-இல் கிரீமின் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘கிளோ’ என்று மாற்றினார்கள். கிளோ என்றால் பளபளப்பு. நம்ம ஊர்க் கடையில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம், கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார்.

சினிமாவையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம்ம தமிழ்ப் படத்தில் கதாநாயகன் நம்ம ஊர் நிறத்தில் இருக்கலாம், ஜனம் கொண்டாடும். கதாநாயகி மட்டும் வெளுத்த நிறத்தில் இருக்க வேண்டும், தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வேறு ஒருவர் குரல் கொடுத்துக் கொள்ளலாம். வாய் எங்கிருந்து பேசினால் என்ன, முகம்தானே வேண்டும்! 2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருவார்கள். முகத்தில் கறுப்புப் பூசி, அவர்களைக் கண்டாலே மாப்பிள்ளை ஓடுவது மாதிரி நகைச்சுவை வைத்திருந்தார்கள். அங்கவை, சங்கவை என்பது பாரி மன்னன் மகள்களின் பெயர். அப்பாவையும் நாட்டையும் இழந்து நின்ற பெண்கள் அவர்கள். அந்தப் பெயரையே கேலிக்கு வைத்தார்கள். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள்.

இதற்கு நடுவில் நல்ல செய்தியும் உண்டு. 2009-இல் நம்ம சென்னையில் இருந்துதான் ‘கறுப்பும் அழகே’ என்ற பொருளில் ஒரு பிரச்சாரத்தைப் பெண்கள் அமைப்பு ஒன்று தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது. நடிகை சாய் பல்லவி, பெரிய தொகை தருகிறோம் என்று வந்த சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை வேண்டாம் என்று சொன்னதாக 2019-இல் அவரே பேட்டியில் சொன்னார். நம்ம கோத்தகிரிப் பொண்ணு.

சரி, டவுனு சமாச்சாரம் என்று சொன்ன அக்காவுக்கு வருகிறோம்.

2006-இல் இருந்து அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. கூரை வீட்டுக்கும் டி.வி. வந்தது. செய்தி வந்தது, படம் வந்தது, கூடவே அந்தக் கிரீமும் வந்தது. இப்போது கைக்குக் கை செல்போன். அதில் போட்டோ எடுத்தாலே நம்மைக் கேட்காமல் வெளுப்பாக்கிக் காட்டுது. கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரர் பொண்ணை வெளுத்து வைக்கிறார், பெத்த தாயே ‘இது எம்மக தானா’ன்னு கேட்கிறாங்க.

ஊர் ஊராகப் போகும்போது நாங்கள் ஒரு வார்த்தையைக் கவனித்து வருகிறோம். ‘இருந்தாலும்’ என்ற வார்த்தை. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ ‘கறுப்பா இருந்தாலும் நல்லா படிக்கிறா.’ பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறோம். ‘சிவப்பா இருந்தாலும் நல்லா படிக்கிறா’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெயிலில் நாற்று நட்டு, கருது அறுத்து, சூளையில் கல் சுமந்து கறுத்த கைகள் நம்முடையது. அந்தக் கையால் சம்பாதித்த காசுதான் இத்தனை வருஷமாகச் சந்தா கட்டி, கூட்டமைப்பை இந்த அளவுக்கு வளர்த்திருக்கிறது. அந்த நிறத்துக்கு நாமே மன்னிப்புக் கேட்கிற மாதிரி ‘இருந்தாலும்’ போடுகிறோம்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சிவப்பான குழந்தை பிறக்க வேண்டும் என்று குங்குமப்பூ வாங்கிக் கொடுக்கிறார்கள். குங்குமப்பூவால் நிறம் மாறாது. நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்தக் காசில் முட்டையும் கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உடம்பில் ஒட்டும்.

இப்போது கணக்கு நோட்டு. உள்கடன் கொடுக்கும்போது ‘கடன் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா? நாங்கள் தணிக்கை பார்க்கப் போன ஒரு குழுவில் ‘மகள் திருமணம்’ என்று எழுதி ஒரு உறுப்பினர் 50,000 ரூபாய் வாங்கியிருந்தார். அவர் ஏற்கெனவே திருமணத்துக்குத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தவர். பிறகு எதற்கு இது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு சொன்னார். நகை, சீர் எல்லாம் பேசி முடித்தாயிற்று. பெண்ணை நேரில் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், ‘போட்டோவுல பார்த்ததுக்குப் பொண்ணு நிறம் கம்மி, இன்னும் ஒரு பவுனு சேர்த்துப் போடுங்க’ என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மகள் நர்சிங் படித்து வேலைக்குப் போகிறவள். அந்தப் படிப்புக்குப் பவுனைக் குறைக்கவில்லை, நிறத்துக்குக் கூட்டினார்கள்.

அந்த ஒரு பவுனுக்கு அவர் மாதாமாதம் அசலும் வட்டியும் கட்டுகிறார். நம்ம நோட்டில் அது ‘மகள் திருமணம்’ என்று இருக்கிறது. உண்மையான காரணத்தை எழுதினால் ‘மகள் நிறம்’ என்றுதான் எழுத வேண்டும். டி.வி.யில் ஒருத்தி வெளுக்கிறதைக் காட்டினால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்களே அக்கா, நஷ்டம் இதுதான். பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு சின்னது. கறுப்பு ஒரு குறை, குறைக்கு ஈடு கட்டணும் என்று எல்லோரையும் அந்த விளம்பரம் நம்ப வைத்திருக்கிறதே, அதற்குக் கொடுக்கிற காசுதான் பெரிசு. வரதட்சணை கேட்பதே 1961-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். நிறத்துக்குத் தனி விலை கேட்பதும் அதில்தான் அடங்கும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். பெரிய கம்பெனி கிரீம் ‘வேலை செய்யவில்லை’ என்று பெண் பிள்ளைகள் மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். அதில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, எரிச்சல், பரு, முகத்தில் முடி என்று வரும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் நிறுத்தவும் பயப்படுவார்கள். இப்படிப்பட்ட களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு உத்தரவு போட்டது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறவர்கள் தோல் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். பெயர், முகவரி இல்லாத வெளிநாட்டுக் கிரீம்கள் அதைவிட மோசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே மாதிரிப் பாதிப்பு. அந்த 15-இல் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அந்தக் கிரீம்களில் சேர்க்கப்படும் பாதரசம்தான் சிறுநீரகத்தைக் கெடுப்பது. முகம் வெளுக்கப் பூசியது, முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் போய் முடிந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சட்டம் இல்லாமல் இல்லை. பெண்களை ஆபாசமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. விளம்பரம், புத்தகம், படம் எதிலும் பெண்ணின் உடலை இழிவாகக் காட்டினால், முதல் தடவைக்கு இரண்டு வருடம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். உள்ளூர் கேபிள் சேனலில் ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் பெண்ணை இழிவுபடுத்தி விளம்பரம் வந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், கேபிள் சட்டப்படி நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் பஸ்ஸுக்கும் மனு கொடுக்கிறோமே, அதே வரிசைதான். மற்ற விளம்பரங்களுக்கு விளம்பரத் தரக் கவுன்சிலுக்கு எழுதலாம், வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம், கல்லூரிக்குப் போகிற நம்ம பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள். அந்தக் கவுன்சில் அரசு அமைப்பு இல்லை, கம்பெனிக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டது. அதனால் அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

சட்டத்தால் மாப்பிள்ளை வீட்டு வாயை உடனே அடைக்க முடியாது, எங்களுக்கும் தெரியும். ஆனால் பெண் பார்க்கப் போகிற கூட்டத்திலும் நாம்தான் இருக்கிறோம். மகனைப் பெற்றவர்களும் இந்தக் கூட்டமைப்பில்தான் உறுப்பினர்கள். ஒரு ஊராட்சியில் நான்கு குழுக்கள் சேர்ந்து, ‘மருமகள் பார்க்கப் போகும் எங்கள் உறுப்பினர் யாரும் நிறத்தைக் காரணம் காட்டி நகை கேட்கக் கூடாது’ என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதின மறு மாதமே ஒரு உறுப்பினர் வீட்டில் அதற்குச் சோதனை வந்தது. சண்டை நடந்தது, அந்த உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு வந்தார். கல்யாணம் பேசினபடியே நடந்தது, பவுன் கூடவில்லை. மற்ற ஊராட்சிகளும் எழுதினால் என்ன என்று கேட்கிறோம்.

கடைசியாக, இந்தக் கூட்டமே முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயம். இப்படித்தான் 2001-இல் ஆந்திராவில் நல்கொண்டா மாவட்டத்தில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம், சுய உதவிக் குழுப் பெண்களையே தன் சரக்கை ஊருக்குள் விற்கும் முகவர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல பெண்களுக்கு அதில் வருமானம் வந்தது, அதை மறுக்க முடியாது. இப்போது நம்ம கூட்டமைப்பையும் ஒரு விநியோகஸ்தர் தேடி வந்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. சோப்பு, சலவைத் தூள், பற்பசை, கூடவே ஒரு சிவப்பழகு கிரீம். மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கிரீமுக்குத்தான் கமிஷன் அதிகம்.

செயற்குழுவில் இதைப் பேசியபோது ஒரு சகோதரி, புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர், ‘நான் விக்கலேன்னா பொட்டிக்கடையில விக்கப் போறாங்க. அந்தக் கமிஷன் எம்புள்ள ஃபீஸுக்கு ஆகும்’ என்றார். அந்தப் பேச்சை லேசாகத் தள்ள முடியாது. எங்கள் கருத்து, சோப்பும் தூளும் எடுப்போம், கிரீமை விட்டுவிடுவோம் என்பது. குழு அக்கா கையால் கொடுக்கிற பொருளை ஊர்ப் பிள்ளைகள் நம்பி வாங்குவார்கள், பொட்டிக்கடையில் வாங்குவது மாதிரி ஆகாது. கமிஷன் குறைவதற்கு ஈடாக, நம்ம உறுப்பினர்கள் தயாரிக்கும் சாம்பிராணி, மசாலாப் பொடி, பினாயிலை அதே பையில் சேர்த்து விற்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கணக்கு இன்னும் முடியவில்லை, அந்தச் சகோதரியையும் உட்கார வைத்துத்தான் போடுகிறோம்.

முடிவு எங்களுடையது இல்லை, உங்களுடையது. விநியோகஸ்தருக்கு வரும் 15-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவும் இந்த வாரக் கூட்டத்தில் பேசி, கிரீம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மான நோட்டில் எழுதி, எதிர்த்துச் சொன்னவர்களின் கருத்தையும் விடாமல் எழுதி, ஊக்குநர் மூலமாக 12-ஆம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். குழுவில் வளர்ந்த பெண் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள், அன்றைக்கு அந்தப் பிள்ளைகளையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து பேச விடுங்கள்.